ஐந்தாம் பிரதி

அட்டையில் வரைந்த விசைப்பலகையில் தட்டிப் பழகியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள்.

ஒருவரும் இல்லை. நினைத்தேன்.

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு எப்படியோ முதல் கம்ப்யூட்டரில் போய் நிற்கிறது. முதலில் இரத்த அழுத்தம், அப்புறம் மூட்டுவலி, அதற்கப்புறம் முதல் கம்ப்யூட்டர். ரப்பர் பொத்தான் வைத்தது, வீட்டுத் தொலைக்காட்சியோடு கம்பி மாட்டியது, கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறி முடிகிற வரைக்கும் கிரீச்சென்று கத்தித் தெரு நாய்களைக் குரைக்க வைத்தது. நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டிருப்பேன். சொல்ல எனக்கும் ஒன்று இருக்கிறது. என் முதல் கம்ப்யூட்டர், தீபாவளிக்கு அப்பாவுக்கு வந்த சட்டைப் பெட்டியின் மூடி. அதற்கு மின்சாரம் வேண்டாம். ஒரே ஒரு தடவை மழையில் நனைந்து உப்பியதைத் தவிர, பழுதானதும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினான்கு முடிந்து பதினைந்து நடந்துகொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா அங்கே ஆபீஸ் கிராணி. காலையில் போய் மாலை வரை கடிதம் எழுதுகிற வேலை. நான் ஒரே பிள்ளை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒன்று என்னைவிட ஐந்து வயது மூத்தவர்கள், இல்லையென்றால் ஐந்து வயது இளையவர்கள். நான் பிறந்த வருடத்தில் மற்ற குடும்பங்களுக்கு வேறு வேலை இருந்திருக்கிறது. சரக்கு ரயில் பெட்டிகளைக் கோத்துக் கழற்றும்போது வீடு முழுக்க ஓர் அதிர்வு ஓடும். அலமாரியில் பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதிகம் பேசியவை அவைதான்.

கம்ப்யூட்டர் கடை, புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருந்தது. சனிக்கிழமை காலை மினி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவேன். வீட்டில் சொன்னது நூல்நிலையம். கடை பாஸ் ஒரு சீனர். காதில் எப்போதும் பென்சில். கண்ணாடி மேசைமேல் ஓர் இயந்திரத்தைத் திறந்து வைத்திருப்பார். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து நிமிடம் தட்டலாம். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பையன்கள். எல்லாரும் விண்கலத்தைச் சுட்டார்கள். என் முறை வரும்போது நான் ஒன்றையும் சுடாமல் இரண்டும் மூன்றும் எவ்வளவு என்று கேட்பேன். அது ஐந்து என்று சொல்லும். அவ்வளவு மரியாதையாக என்னிடம் அந்த வருடம் வேறு யாரும் பதில் சொல்லவில்லை.

"டென் மினிட்ஸ் லா, ஆமோய்," என்பார் பாஸ். சின்னப் பெண் என்றால் அவருக்கு ஆமோய். "நெக்ஸ்ட்!"

ஒருநாள் யாரோ இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன் கையேட்டில் முன் அட்டை கிழிந்துபோயிருந்தது. பாஸ் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். "மெஷின் தாடா. ஒன்லி புக். கேன்?"

"கேன்," என்றேன்.

இயந்திரம் இல்லை, புத்தகம் மட்டும், சரியா என்று கேட்டார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு 'கேன்'தான் காரணம்.

கையேட்டில் விசைப்பலகையின் படம் முழு அளவில் இருந்தது. அதைச் சட்டைப் பெட்டி மூடியில் பிரதி எடுத்தேன். விரல்களை வைத்துத் தட்டுவேன். திரையாக ஒரு பயிற்சிப் புத்தகம். பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்து, முதல் கட்டத்தில் A, அடுத்ததில் B, அதற்கடுத்ததில் N. புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கட்டத்தில் எந்த எண் மாறுகிறது என்று நானே எழுதி, நானே அழித்து, நானே ஆச்சரியப்பட்டுக்கொள்வேன். இயந்திரம் கண் சிமிட்டும் நேரத்தில் செய்வதை நான் ஒரு பிற்பகலில் செய்தேன். வேகம் போதாது என்பதைத் தவிர, நான் நல்ல கம்ப்யூட்டர்.

அம்மா இதையெல்லாம் வாசற்படியிலிருந்து கவனித்திருக்கிறார். அப்பாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "பிள்ள அட்டையில வெரல வச்சி தட்டிக்கிட்டே கெடக்குதுங்க. வெளிய சொல்லத் தெரியல அதுக்கு. பாட்டு ஆச போல." அடுத்த வாரமே கோயில் மண்டபத்தில் ஆர்மோனிய வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். மூன்று மாதம் போனேன். வாத்தியார் என் விரல்கள் நன்றாகப் பயின்றவை என்றார். காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இனி பத்திரிகை. கையெழுத்துப் பத்திரிகை, பெயர் 'மின்மூளை'. முகப்பில் ஒரு மண்டையோட்டுக்குள் மின்னல் பாய்வதுபோல் வரைந்திருந்தேன். மூலிகைத் தைலப் புட்டியின் லேபிள்போல வந்திருந்தது. எட்டுப் பக்கம், இரண்டு மாதத்துக்கு ஒன்று. அப்பா ஆபீஸில் தேய்ந்து தீர்ந்த கார்பன் தாள்களைக் கொண்டுவருவார். வெள்ளைத் தாள் ஐந்து, நடுவே கார்பன் நான்கு, மேலே என் பேனா முனை. கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தி எழுதுவேன். முதல் பிரதி அச்சுப்போல் இருக்கும். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது, நான்காவது வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஐந்தாவது, யாரோ பக்கத்து அறையில் முணுமுணுப்பது போல. எழுதும்போது சரக்கு ரயில் போனால் தாள்கள் நகர்ந்து ஐந்தாம் பிரதியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிழல் சேர்ந்துவிடும்.

பத்திரிகை என்றால் வாசகர் கடிதம் வேண்டாமா? அதையும் நானே எழுதினேன். செராஸ் வாசகர் ஒருவர் எப்போதும் பாராட்டுவார். பூச்சோங் வாசகர் ஒருவர் எப்போதும் குறை சொல்வார். மூன்றாம் இதழில் இருவரும் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள். ஆசிரியர் தலையிட்டு, நாகரிகமாக எழுதும்படி இருவரையும் கேட்டுக்கொண்டார். சண்டை போட ஆள் இல்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு நிறைவான பிற்பகல் என்பதை நான் இங்கே விளக்கப்போவதில்லை.

தலையங்கத்தில் 'நமது அலுவலகக் கணிப்பொறியில் சோதித்து வெளியிடப்படுகிறது' என்று எழுதியிருந்தேன். எல்லாப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன என்பது என் எண்ணம். அடியில் பெயர் போடவில்லை; 'ஆசிரியர்' என்ற சொல்லும் வீட்டு முகவரியும் மட்டும்.

ஐந்து பிரதிகளின் விநியோகம் இப்படி: முதல் பிரதி எனக்கு. ஆசிரியர் பிரதி என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டாவது, கடை பாஸின் மேசைமேல். மூன்றாவது, பள்ளி நூலகம். அங்கே அதை விளையாட்டு அலமாரியில் சொருகினார்கள். நான்காவது, வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரிக்கு. அவள் அதில் கறிபாப் பலகாரத்தைச் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன். எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஐந்தாவதை வாங்க ஆள் இல்லை.

அப்போதுதான் ஜெஞ்சாரோம் வாசகர் எழுதினார்.

கடிதத்தைப் பிரித்தபோது எனக்குக் குழப்பமாகிவிட்டது. இதையும் நான்தான் எழுதினேனா? பூச்சோங்கும் செராஸும் என் கைவரிசை. ஜெஞ்சாரோம் என் நினைவில் இல்லையே. தபால் முத்திரையைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். நீல மை, வலப்பக்கம் சாய்ந்த முத்துப்போன்ற எழுத்து.

'மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தார். ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறார். சேமித்து ஒரு கணிப்பொறி வாங்கியிருக்கிறார். கம்பி ஒன்று வாங்கக் கடைக்குப் போனபோது மேசைமேல் 'மின்மூளை'யைப் பார்த்து அங்கேயே நின்று முழுதும் படித்துவிட்டார். 'இந்த வட்டாரத்தில் கணிப்பொறி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். முதலில் பார்க்க வந்தார்கள். இது என்ன செய்யும் என்று கேட்டார்கள். கூட்டும் என்றேன். மளிகைக் கடைக்காரரும்தான் கூட்டுவார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது யாரும் வருவதில்லை. தமிழில் இதைப் பற்றி எழுத ஒருவர் இருக்கிறார் என்று அறிந்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா, மகிழ்ச்சியில்.'

அந்த 'ஐயா'வைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடையின் நீலப் பினஃபோர். ஐயா.

ஐந்தாம் பிரதி அவருக்குப் போனது. இருந்த ஒரே வாசகருக்கு முதல் பிரதியை அனுப்பலாம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் இதழில்தான் 'பிறந்த கிழமை' புரோகிராம் வந்தது. பிறந்த தேதியைத் தட்டினால் அது என்ன கிழமை என்று திரை சொல்லும். கணக்கெல்லாம் போட்டுக் கடைசியில் ஏழால் வகுத்து மீதியைப் பார்ப்பதுதான் விஷயம். மீதி ஒன்று என்றால் ஞாயிறு, இரண்டு என்றால் திங்கள், அப்படியே போய், ஏழு என்றால் சனி. பயிற்சிப் புத்தகத்தில் ஓட்டிப் பார்த்தேன். எனக்குப் புதன், சரி. அம்மாவுக்குத் திங்கள், சரி. அப்பாவுக்கு வியாழன், சரி. வெளியிட்டுவிட்டேன்.

உங்களில் சிலர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஏழால் வகுத்தால் ஏழு மீதி வராது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் நான்காம் வகுப்பில் தெரிந்திருந்தது. என் புரோகிராமைப் பொறுத்தவரை உலகத்தில் சனிக்கிழமை யாரும் பிறக்கவில்லை. பிறந்தவர்களுக்குத் திரை ஒன்றும் சொல்லாமல் வெறுமையாக நிற்கும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை பிறந்தவர் ஒருவர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரே பிள்ளையாக இருக்கக்கூடாது.

ஜெஞ்சாரோம் வாசகரின் அடுத்த கடிதம் பத்து நாளில் வந்தது. மூன்று நாள் மாலையெல்லாம் தட்டி முடித்திருக்கிறார். முதலில் எதைப் போட்டுப் பார்ப்பது என்று யோசித்து, எல்லாருக்கும் தெரிந்த நாளாக இருக்கட்டும் என்று மெர்டேக்கா நாளைப் போட்டிருக்கிறார்: 1957 ஆகஸ்ட் 31. திரையில் ஒன்றும் வரவில்லை. 'நாடு பிறந்த நாளுக்குக் கிழமை இல்லாமல் போகுமா, ஐயா? என் பிரதி சற்று மங்கல். வரி 180இல் இருப்பது ஆறா, எட்டா என்று தெரியவில்லை. நான்தான் தவறாகப் படித்திருப்பேன். திருத்தி அருள வேண்டுகிறேன்.'

உட்கார்ந்து கையால் ஓட்டினேன். மீதி பூஜ்யம். மெர்டேக்கா நாள் ஒரு சனிக்கிழமை.

சரிசெய்ய ஒரு வரி போதும். மீதி பூஜ்யமானால் அதை ஏழாக்கு. ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். ஆனால் எழுதினால் அவர் என்ன நினைப்பார்? கணிப்பொறி வைத்திருக்கும் எவனும் முதல் நாளே கண்டுபிடித்துவிடும் பிழை அது. 'நமது அலுவலகக் கணிப்பொறி' எங்கே என்று கேட்பார். ஐயா போய்விடுவார், பின்னல் வெளியே வந்துவிடும்.

இப்படிப் பதில் எழுதினேன்: 'வரி 180இல் இருப்பது எட்டு. நமது கணிப்பொறியில் நன்றாக ஓடுகிறது. மீண்டும் கவனமாகத் தட்டிப் பார்க்கவும்.'

அவர் மீண்டும் தட்டினார். அவரிடம் கேசட் ரெக்கார்டர் இல்லை. ஒவ்வொரு தடவையும் அணைத்தால் எல்லாம் போய்விடும், ஆரம்பத்திலிருந்து தட்ட வேண்டும். வரி 220 மங்கல் என்று எழுதினார். நான் ஓர் எண்ணைச் சொன்னேன். வரி 90இல் ஒரு நிழல் இருக்கிறதே என்றார். அது ரயிலின் நிழல். ஆமாம், கவனமாகப் பார்க்கவும் என்றேன். அடுத்த இதழில் 'மேம்படுத்தப்பட்ட பதிப்பு' என்ற பெயரில் சரியான வரியைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவது என் திட்டம். மானமும் போகாது, சனிக்கிழமையும் வந்துவிடும். ஆனால் மூன்றாம் படிவச் சோதனை என்ற அரசாங்கத் தேர்வு வந்தது; இதழ் தள்ளிப்போனது.

நடுவில் ஒரு சனிக்கிழமை கடையில் நிஜமாகவே தட்டிப் பார்க்க முயன்றேன். அட்டையில் பறந்த விரல்கள் ரப்பர் பொத்தானில் வழுக்கின. வரி 70 வந்தபோது என் பின்னால் நின்றவன், "அக்கா, கேம் இல்லையா? அப்புறம் என்னா பண்றீங்க இவ்ளோ நேரம்?" என்றான். பாஸ் கடிகாரத்தைக் காட்டினார். இயந்திரத்தை அணைத்துப் போட்டார்கள். விண்கலம் வந்தது.

பிறகு அந்தக் கடிதம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பரிசளிப்பு நாளன்று கணிப்பொறியைக் காட்டி விளக்கம் தர அவருக்குக் கால்மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'பிறந்த கிழமை'யைத்தான் காட்டப்போகிறார். பெரும்பாலான தேதிகளுக்குச் சரியாக வருகிறது, எப்போதாவது ஒன்றுதான் வெறுமையாக நிற்கிறது. அது அவருடைய தட்டுப்பிழைதான், எப்படியும் அதற்குள் கண்டுபிடித்துவிடுவார். 'மின்மூளையின் பெயரைச் சபையில் சொல்வேன், ஐயா.'

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு தபால் அட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் சோதனைக்குப் படித்தேன்.

பரிசளிப்புக்குப் பிறகு எழுதிய கடிதத்தில் அவர் ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை. அவர் கிராணி, அறிக்கை எழுதத் தெரிந்தவர். முதலில் தலைமையாசிரியர், செவ்வாய், கைதட்டல். மேனேஜரின் மனைவி, வெள்ளி, கைதட்டல். பிள்ளைகள் வரிசையாகப் பிறப்புப் பத்திரத்தோடு வந்தார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ, பழக்குலை வெட்டும் ஒருவரின் மகள். தேதியைத் தட்டினார். திரை வெறுமை. மறுபடி தட்டினார். வெறுமை. பின்னால் ஒருவர், "இந்தப் புள்ளைக்கு நாளே இல்லியாம் லா!" என்றிருக்கிறார். சிரிப்பு. அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. அதன் தாயார் முன்னால் வந்து, "என்னாங்க கிராணி, எம்புள்ளைக்கு ஏதும் ஆகாதில்ல?" என்று கேட்டிருக்கிறார்.

'நான் தவறாகத் தட்டிவிட்டேன் என்று சபையில் சொல்லி இயந்திரத்தை மூடிவிட்டேன். மின்மூளைமீது யாருக்கும் தவறான எண்ணம் வரவில்லை என்று உறுதி கூறுகிறேன். ஆனால் அந்தத் தாயார் இன்னும் ஆபீஸ் பக்கம் வரும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறார். ஒரே ஒரு முறை தங்கள் கணிப்பொறியில் அந்தத் தேதியைப் போட்டு, கிழமை வருவதை என் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் அவருக்குச் சொல்லலாம். வரும் சனிக்கிழமை கிள்ளான் போகும் வேலை இருக்கிறது. அப்படியே பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸ் வருகிறேன். தங்களை நேரில் சந்திக்க மிகவும் ஆசைப்படுகிறேன்.'

இந்தக் கடிதத்தை அப்பா எனக்கு முன்னால் படித்துவிட்டார். அன்று அவருக்கு விடுமுறை. தபால்காரரிடம் அவரே வாங்கியிருக்கிறார். நான் பள்ளி விட்டு வந்தபோது சாப்பாட்டு மேசைமேல் அது மடிப்புப் பிரிந்து கிடந்தது.

"யாரும்மா இந்த ஆளு?"

"வாசகர்ப்பா."

"வாசகரா? ஒனக்கு எதுக்கு வாசகரு?"

எழுதுகிறவர்களைப் பற்றி எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒன்றைப் படித்ததில்லை.

"வயசு என்னா இருக்கும்?"

"தெரியாதுப்பா. தோட்டத்துல கிராணி."

"வயசு தெரியாத ஆம்பள. ஒன்ன நேர்ல பாக்க மிகவும் ஆசப்படுறானாம். சனிக்கிழம வரானாம்." அந்த 'மிகவும்' என்ற சொல்மேல் அப்பாவின் விரல் இருந்தது.

அம்மா அடுக்களையிலிருந்து, "மெஷினப் பாக்கணும்னுதானே எழுதியிருக்காரு? நீங்கதான படிச்சீங்க?" என்றார்.

"நம்ம வீட்டுல ஏது மெஷின்? ஒன்னோட தையல் மெஷின்தான் இருக்கு. அதப் பாக்கவா ஜெஞ்சாரோம்லேருந்து வரான்?"

அப்பாவின் தர்க்கத்தில் ஓர் ஓட்டை இல்லை. வீட்டில் இல்லாத இயந்திரத்தைப் பார்க்க வருகிறேன் என்பவன் பொய் சொல்கிறான்; பெண்பிள்ளையை ஐயா என்பது அந்தப் பொய்க்கு முகமூடி. பொய் சொல்லிக்கொண்டு பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வருகிறவன் எதற்கு வருகிறான் என்பது தகப்பனுக்குத் தெரியாதா? முப்பது வருடம் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். அன்று அப்பா போட்ட கணக்கில் என்னால் இன்றும் பிழை காட்ட முடியாது. அவருக்குக் கொடுக்கப்பட்ட தகவல்தான் தவறு.

அதையும் அவர் சரிபார்க்கத்தான் செய்தார். என்னை நேராகப் பார்த்து, குரலைத் தணித்துக் கேட்டார்: "நீ ஏதாச்சும் எழுதுனியாம்மா? மெஷின் இருக்கு, வாங்க, அப்படின்னு?"

"இல்லப்பா."

அப்பா தலையை அசைத்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கிராணிக்குப் பதில் கடிதத்தை அவரே ஆங்கிலத்தில் எழுதினார், ஆபீஸ் ஆங்கிலத்தில். உறையை ஒட்டாமல் என்னிடம் கொடுத்து, தபால்தலை வாங்கி ஒட்டி, பள்ளிக்குப் போகிற வழியில் போட்டுவிடச் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் எடுத்துப் படித்தேன். தமிழில் சொன்னால் இப்படி: என் மகள் பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. அவளைச் சந்திக்க நீங்கள் விருப்பம் தெரிவித்திருப்பது ஒரு தகப்பன் என்ற முறையில் என்னை அதிர்ச்சிக்கு உள்ளாக்கியது. இனி ஒரு வரி வந்தாலும் உங்கள் தோட்ட மேனேஜருக்கு எழுத வேண்டியிருக்கும்.

ஐயா என்று யாரை நம்பி எழுதினாரோ அந்த ஐயா ஒரு சின்னப் பெண் என்பதும், அவளிடம் தவறாக நடக்கப் பார்த்தவர் தாம் என்பதும் அவருக்கு ஒரே உறையில் போய்ச் சேரும். அது எனக்குப் புரியாமல் இல்லை. பதினைந்து வயதில் என்ன தெரியும் என்பீர்கள். எல்லாம் தெரியும். கடிதம் இரண்டு நாள் என் பையில் கிடந்தது. அப்பா கேட்டபோது போட்டுவிட்டேன் என்றேன். மூன்றாம் நாள் புதன்கிழமை. இன்று போட்டால்தான் வெள்ளிக்கு முன்னால் ஜெஞ்சாரோம் போகும், போடாவிட்டால் சனிக்கிழமை அவர் வாசலில் வந்து நிற்பார் என்று விரல்விட்டு எண்ணினேன். சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. காலையிலிருந்து மாலைவரை ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். வராமல் இருக்க வேண்டுமே என்றுதான் உட்கார்ந்தேன். நாலு மணிக்குமேல் எதற்கு உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கோப்பைகள் நடுங்கி அடங்கின. யாரும் வரவில்லை.

அப்புறம் ஒருபோதும் கடிதம் வரவில்லை. 'மின்மூளை' ஐந்தாம் இதழ் வரவில்லை. பள்ளியிலும் கடையிலும் யாரும் அதைக் கேட்கவுமில்லை. குவார்ட்டர்ஸை இடித்துப் பெரிய ஸ்டேஷன் கட்டினார்கள். வீடு மாறியதில் பத்திரிகையின் பிரதிகள், கையேடு, சட்டைப் பெட்டி மூடி எதுவும் எங்கே போயின என்று தெரியாது. அப்பா மட்டும் கல்யாண வீடுகளில் சில காலம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு லெட்டர்தான் போட்டேன். ஆளு அட்ரஸ் இல்லாம ஓடிட்டான்." உறவினர்கள் மெச்சிக்கொள்வார்கள். நான் பலகாரத் தட்டை நீட்டுவேன்.

கடைசி வருடங்களில் அப்பா பூச்சோங்கில் என் வீட்டில் இருந்தார். அம்மா அதற்குமுன்பே போய்விட்டார். அப்பா காலையில் பேப்பரை விளம்பரம் உட்படப் படித்துவிட்டு, பேச ஆள் இல்லாமல் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு காலை அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அப்பா, ஜெஞ்சாரோம் கிராணி ஞாபகம் இருக்கா?"

"எந்தக் கிராணி?"

"நீங்க லெட்டர் போட்டீங்களே. என்னப் பாக்க வரேன்னு எழுதுனாரே."

"நான் ஆயிரம் லெட்டர் போட்டிருக்கேன்மா."

அவருக்கு ஒன்றும் நினைவில்லை. கல்யாண வீட்டுப் பேச்சுகூட. நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன்: இல்லாத இயந்திரம், சனிக்கிழமை, அந்தத் தாயார், கிராணி எதைப் பார்க்க வருகிறேன் என்று எழுதினார், அப்பா என்னிடம் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். முடிந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"மேனேஜருக்கு எழுதுவேன்னா எழுதுனேன்?"

"ஆமாப்பா."

"ஒரு கிராணிக்கு அத எழுதலாமா?" என்றார், யாரோ வேறொருவர் செய்ததைப் போல. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "யாரு போஸ்ட் பண்ணா?"

"நான்தான்."

"படிச்சிட்டா?"

"படிச்சிட்டுதான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார். தானேதான் எழுதுவேன் என்றார். "அந்தக் கிராணி உயிரோட இல்லன்னாலும் பிள்ளைங்க யாராச்சும் இருப்பாங்க, வீட்டுல ஒருத்தர் கையில கெடைக்கட்டும்," என்றார். தோட்டத்தின் முகவரியை நான் சொல்லச் சொல்ல மூலையில் எழுதினார். எனக்கு அது வரிக்கு வரி நினைவிருந்தது. வரி 180 நினைவிருந்தது, அந்தச் சாய்ந்த எழுத்து நினைவிருந்தது.

"முன்னாடி போட்ட லெட்டர் தேதி என்னா?"

"தெரியாதுப்பா."

"ரெஃபரன்ஸ் இல்லாம எப்படி எழுதுறது... சரி, பரவால்ல." பேனாவை முகவரிக்கு மேலே, வெறுமையாக விட்டிருந்த முதல் வரிக்குக் கொண்டுபோனார். "பேரு சொல்லு."

வாயைத் திறந்தேன். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவர் பெயர் இருந்தது. முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் கடிதத்தை மடித்து வைத்தேன். பத்திரிகையில் போடும்போது ஜெஞ்சாரோம் வாசகர் என்றே போட்டேன், உறைமேல் 'கிராணி அவர்கள்' என்றே எழுதினேன்.

"பேரும்மா," என்றார் அப்பா. "பேரு இல்லாம யாருக்கு எழுதுறது?"

"ஞாபகம் இல்லப்பா."

பேனாவை அந்த வெற்று வரிமேலேயே பிடித்திருந்தார், பெயர் எனக்கு எப்படியும் நினைவுக்கு வந்துவிடும் என்பதுபோல. பிறகு பேனாவை மூடிவிட்டார்.